கிழிக்க முடியாத மனு

பெண்ணாடத்தை ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை. கோவிந்தராசுக்கு இதைத் தவிர வேறு ஆசை இருந்ததாக அவன் பெண்டாட்டி ராஜாம்பாளுக்கே தெரியாது.

பீங்கான் கம்பெனியில் சூளைக்கு நெருப்புப் பார்க்கிற வேலை அவனுக்கு. வாரத்தில் ஆறு நாள் வாயைத் திறக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் நீலக்கரை கால்பந்துக் கழகம் பந்தை உதைக்க ஆரம்பித்தால் போதும், ஆறு நாள் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். கம்பெனியில் செய்கிற தட்டுகளின் விளிம்பில் ஒரு நீலக்கோடு உண்டு. அதே கோட்டைப் பனியனிலும் போட்டு, அதையே பேராகவும் வைத்துக்கொண்ட அணி அது. பேரில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆட்டத்தைத்தான் பார்க்கச் சகிக்காது.

சூளையில் கோணிப்போன தட்டையும் உடைந்த கோப்பையையும் வருஷக்கணக்காகக் கொட்டியதில் மைதானத்து ஓரம் ஒரு மேடு எழும்பியிருந்தது. ரசிகர்கள் நிற்பது அந்த ஓட்டு மேட்டில்தான். செருப்பில்லாமல் ஏறினால் உள்ளங்கால் கிழியும். தோற்கிற அணியைப் பார்க்கக் காலைக் கிழித்துக்கொண்டு போவானேன் என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். சொந்தப் பிள்ளை மக்கு என்றால் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவா முடியும்?

வருஷா வருஷம் காணும் பொங்கலன்று பெண்ணாடத்தோடு ஆட்டம். ஒன்பது வருஷம், ஒன்பது தோல்வி. கோவிந்தராசுவின் தங்கை கொளஞ்சியம்மாளைக் கட்டிய கருப்பன் பெண்ணாடத்துக்காரன், கரும்பு போடுகிறவன். நீலக்கரை வாங்கிய கோல் ஒன்றுக்கு ஒரு கரும்பு என்று கட்டாகக் கட்டி, டிராக்டரில் கொண்டுவந்து கோவிந்தராசு வீட்டு வாசலில் சாத்திவிட்டு, "மச்சான், உங்க தங்கச்சி குடுத்தனுப்புச்சி" என்பான். முகத்தில் சிரிப்பு இருக்காது. அதுதான் இன்னும் எரியும். எழுபதாம் வருஷப் பொங்கலுக்கு ஏழு கரும்பு வந்தது. ராஜாம்பாள் பாட்டுக்கு உட்கார்ந்து கடித்துத் தின்றாள். "கரும்பு என்னா பாவம் பண்ணுச்சி? நீங்களும் ஒரு கணு தின்னுங்களேன்" என்றாள். அவன் எழுந்து சூளைக்குப் போய்விட்டான்.

இத்தனைக்கும் கம்பெனியில் ஆடத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. பொறுக்கிய விதம்தான் சரியில்லை. மண் பிசைகிற கொட்டகை, அச்சு வார்க்கிற கொட்டகை, நீலக்கோடு போடுகிற கொட்டகை, சூளை, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் கொட்டகை என்று ஐந்து. கொட்டகைக்கு இரண்டு பேர், ஆக மொத்தம் பத்து. மிச்சம் ஒருத்தர் ஆபீஸ் ஆள். யார் நன்றாக ஆடுவான் என்ற பேச்சே கிடையாது. நீலக்கோட்டுக் கொட்டகையில் வேலை செய்வது முக்கால்வாசி பெண்கள், ஆண்கள் நாலே பேர், அதில் இரண்டு பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதற்கென்ன, பங்கு பங்குதான்.

இந்த நீதியைக் கட்டிக் காப்பாற்றியது கமிட்டி. ஐந்து கொட்டகை மேஸ்திரிகளும், தலைவராக ஆபீஸ் சூப்பிரண்டு விருத்தகிரியும். ஆறு பேரில் பந்தைக் காலால் தொட்டவர் ஒருத்தரும் இல்லை. ஆபீஸ் ஆளுக்கு ஓட வராது என்று அவரைக் கோலில் நிறுத்தினார்கள். குமாஸ்தா நடராசன், விருத்தகிரியின் மருமகன், சோடாப்புட்டிக் கண்ணாடி. பந்து வந்தால் முதலில் கண்ணாடியைக் காப்பாற்றுவான், அப்புறம் நேரம் இருந்தால் கோலைப் பார்ப்பான்.

கமிட்டி எழுதிக் கொடுக்கிற பதினொரு பேரை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வருகிற மேனேஜர், தனக்கோடி. கம்பெனி கேட்டில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று குறிக்கிற நல்ல மனுஷர். கையில் கடிகாரம் கட்டியிருந்தார் என்பதற்காக மேனேஜர் ஆனவர். இடைவேளையில் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, "பாத்து ஆடுங்கப்பா, பனியன் கிழிஞ்சிடப் போவுது" என்பார். அதுதான் அவர் சொல்லிக்கொடுத்த வித்தை.

"தனக்கோடியண்ணே! கேட்டைத் தொறந்து போட்டுட்டு எங்க போனீங்க?" என்று மேட்டிலிருந்து கோவிந்தராசு கத்துவான். "கோல்கீப்பரை எழுப்பி வுடுங்கண்ணே, ஷிப்டு முடியப் போவுது!" மேடே சிரிக்கும். தனக்கோடி கடிகாரத்தைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொள்வார்.

சும்மா கத்திக்கொண்டிருக்கவில்லை, முறைப்படி மனுவும் கொடுத்துப் பார்த்தார்கள். மேனேஜரை மாற்று என்று முதலில் ஒரு காகிதம். விருத்தகிரி அதைப் படித்துவிட்டு நாலாக மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். இரண்டாவது காகிதத்தைப் படிக்காமலே கிழித்தார். மூன்றாவதில் பஜ்ஜி எண்ணெயைத் துடைத்ததைக் கோவிந்தராசு கண்ணாலேயே பார்த்தான். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "காயிதத்துல குடுத்தாத்தானே கிழிப்பான்?" என்றான் திடீரென்று ராஜாம்பாளிடம். "தட்டுல எழுதிச் சுட்டுக் குடுத்தா?"

இது பீங்கான் கம்பெனிக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. கல்யாணத் தாம்பாளம் அகலத்துக்கு, இரண்டு விரல் கனத்தில் ஒரு தட்டை அச்சுக் கொட்டகைக்காரர்கள் வார்த்தார்கள். எழுத வேண்டியது ராஜாம்பாள். நீலச்சாயத்தில் தூரிகையைத் தொட்டால் கோடு பிசகாது அவளுக்கு, கம்பெனியில் அந்தக் கைக்கு ஈடில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, "நீலக்கரை கால்பந்துக் கழகத்தின்" வரை எழுதியவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேனேஜர் தனக்கோடின்னு எழுதும்மே" என்றான் கோவிந்தராசு.

"பேரெல்லாம் எழுத மாட்டேன்."

"ஏன்?"

"உசுரோட நடமாடற மனுஷன் பேரை எழுதி நெருப்புல வெக்கச் சொல்றீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? நாளைக்கி அவருக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட அவரு சம்சாரம் ஆதிலட்சுமி எங்கூட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தும். எந்த மூஞ்சியோட பதில் சொல்றது?"

சுற்றி நின்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அட, ஆமாம். மனுஷரை மாற்றச் சொல்லலாம், மண்டையைப் போடச் சொல்ல முடியுமா? கடைசியில், "மேனேஜரை உடனே மாற்ற வேண்டும்" என்று மட்டும் எழுதினாள். மேனேஜர் யாரென்று ஊருக்கே தெரியும், பேர் எதற்கு? கையெழுத்துப் போடவும் அதே சங்கடம்தான், அதுவும் பேர்தானே. அதனால் ஆளுக்கு ஒரு கைநாட்டு என்று முடிவானது. "எட்டாவது படிச்சவன் நான், எனக்குக் கைநாட்டா?" என்று ஒருத்தன் முறைத்துக்கொண்டான். அப்புறம் அவனும் கட்டைவிரலை நீலத்தில் தோய்த்தான். முதலில் வைத்தது யார், கடைசியில் வைத்தது யார் என்று கமிட்டி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக விளிம்பைச் சுற்றி வட்டமாக நாற்பத்திரண்டு கட்டைவிரல். பூச்சுப் பூசி, கோவிந்தராசு தன் கையாலேயே சூளையில் வைத்து எடுத்தான். தட்டு கணீரென்று வந்தது.

ஆயுத பூஜையன்று கழகத்தின் வருஷக் கூட்டம். பொரி கடலை கொடுத்து முடிந்ததும் கோவிந்தராசு எழுந்து போய்த் தட்டை விருத்தகிரியின் கையில் கொடுத்தான். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. முகம் சிவந்து, கை வழுக்கியது போலக் கீழே விட்டார். தட்டு தரையில் மோதி, விளிம்பிலேயே உருண்டு, மேஸ்திரிகள் காலைத் தூக்க, கதவருகே உட்கார்ந்திருந்த தனக்கோடியின் முன்னால் போய்ச் சாய்ந்தது. கீறல்கூட இல்லை. தனக்கோடி அதை எடுத்துப் படித்தார். "எழுத்து நல்லா இருக்குது" என்றார் மெதுவாக. கோவிந்தராசு அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், பொய் சொல்லக்கூடாது.

விருத்தகிரி லேசுப்பட்ட ஆள் இல்லை. மேஸ்திரிகளோடு காதோடு காதாகப் பேசிவிட்டு, "ரொம்பப் பேசறவனே செஞ்சி பாக்கட்டும்" என்றார். "இன்னையிலேர்ந்து கோவிந்தராசுதான் மேனேஜரு." தட்டை ஒரு கம்பிக்குள் செருகிக் கழக அறைச் சுவரில் மாட்டச் சொன்னார். தனக்கோடி கடிகாரத்தைக் கழற்றி ஒரு தரம் துடைத்துக் கட்டிக்கொண்டார். அத்தனை நிம்மதியாக அவரை யாரும் பார்த்ததில்லை.

மேனேஜர் ஆன மறுநாளே கோவிந்தராசு கோல்கீப்பரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். பேக்கிங் கொட்டகை ஆசீர்வாதம். சூளை கட்டுகிற செங்கல்லை ஆளுக்கு ஆள் வீசித்தான் வண்டியிலிருந்து இறக்குவார்கள். ஆசீர்வாதம் வீசினால் இருபதடி தள்ளி நிற்பவன் கையில் போய் உட்காரும், அவனுக்கு யார் வீசினாலும் தவறாது. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினால் கோப்பைகளையே வீசிப் பிடிப்பார்கள், இத்தனை வருஷத்தில் ஒன்று உடைந்ததில்லை. இவனை விட்டுவிட்டுக் கண்ணாடிக்காரனைக் கோலில் நிறுத்தியிருந்தார்கள், வயிறு எரியாமல் என்ன செய்யும்?

விருத்தகிரியிடம் போனான். "பேக்கிங்குல ஏற்கெனவே ரெண்டு பேரு ஆடறாங்க. மூணாவது ஆளு எப்படி வரும்?" என்றார்.

"அப்ப ஒருத்தனை எடுத்துட்டு இவனைப் போடறேங்க."

"கோலுல ஆபீஸ் ஆளுதான் நிக்கணும். அது சட்டம். நடராசனை எடுத்தா எம் பொண்ணுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

மேஸ்திரிகளிடம் தனித்தனியாகப் போனான். அடுத்த கொட்டகை ஆளை எடுக்கலாம் என்று ஐந்து பேரும் சம்மதித்தார்கள். தன் கொட்டகை என்றதும் ஐந்து பேருக்கும் காது கேட்கவில்லை. அவன் வேலை பார்த்த சூளை மேஸ்திரிகூட அப்படித்தான். தனக்கோடி பாவம், பத்து வருஷம் இந்தக் கும்பலோடு எப்படிக் காலம் தள்ளினார் என்று முதல் தடவையாக நினைத்துக்கொண்டான். பொங்கலும் வந்தது. பழைய பதினொரு பேரைத்தான் அழைத்துக்கொண்டு போனான்.

எழுபத்தொன்று, காணும் பொங்கல். பெண்ணாடத்துக்காரர்கள் இரண்டு டிராக்டரில் வந்து இறங்கினார்கள். ஒன்றில் ஆட்டக்காரர்கள், இன்னொன்றில் கருப்பனும் கரும்பும். "மச்சான் மேனேஜராமே! இந்த வருஷம் பத்துக்குக் கொறையாம ஏத்தியாந்தேன்" என்றான் கருப்பன்.

இடைவேளைக்குள் இரண்டு கோல் விழுந்துவிட்டது. இரண்டும் நடராசனின் கையெட்டும் தூரத்தில்தான் போயின, அவன் கை கண்ணாடியில் இருந்தது. ஓட்டு மேடு கொதித்தது.

"கோவிந்தராசு! சூளை அணைஞ்சி போச்சி, போயி ஊது!"

குரல் பழகின குரல் மாதிரி இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தான். தனக்கோடி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டின் உச்சியில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். பத்து வருஷம் வாங்கியதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிற முகம். அவருக்குப் பக்கத்தில் நின்று, "மேனேஜரை மாத்து! மேனேஜரை மாத்து!" என்று கைதட்டிக் கத்தியவள் ராஜாம்பாள்.

கட்டிய பெண்டாட்டி! கோவிந்தராசுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அங்கே நிற்க வேண்டியவன் நானல்லவா? என் வாயை இவர்கள் வைத்துக்கொண்டு, என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே. போதும். பத்து கரும்பு வந்தாலும் சரி, நூறு வந்தாலும் சரி. அவன் நேராக நடராசனிடம் போனான்.

"தம்பி, பனியனைக் கழட்டு. ஆசீர்வாதம் நிக்கட்டும்."

நடராசன் கோபிப்பான் என்று நினைத்தான். நடராசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நல்லா இருப்பீங்க. மாமனாருக்குப் பயந்துகிட்டுத்தான் நாலு வருஷமா நின்னேன். சனிக்கெழமை வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடும்." உடனே காலைப் பிடித்துக்கொண்டு, சுளுக்கு, ஐயோ, என்று தரையில் உட்கார்ந்தான். நடிப்பிலாவது கெட்டிக்காரன். நடுவர் ரயில்வேக்காரர், அவனைப் பார்த்துவிட்டு, சரி, ஆளை மாற்றிக்கொள் என்று கையைக் காட்டினார்.

மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விருத்தகிரி எழுந்தார். "யாரைக் கேட்டுய்யா மாத்தற?" என்று கத்தினார். அதற்குள் விசில் ஊதியாகிவிட்டது.

மேட்டிலிருந்து இறங்கி வந்த ஆசீர்வாதம் சிலுவை போட்டுக்கொண்டு கோலில் நின்றான். முதல் பந்தைப் பிடித்தான், கல்லைப் பிடிப்பது போலச் சத்தமில்லாமல். பிடித்தவன் உதைக்கவில்லை. வீசினான். பாதி மைதானம் தாண்டிப் போன பந்து, பேக்கிங் கொட்டகை ஆட்டக்காரன் ஒருத்தன் ஓடுகிற வாக்கில் அவன் காலடியில் விழுந்தது. தினமும் அவன் வீசுவதை வாங்குகிறவன்தானே, எங்கே விழும் என்று பார்க்காமலே தெரியும். பெண்ணாடத்துக்காரர்கள் திரும்புவதற்குள் கோல். இன்னொரு வீச்சு, இன்னொரு பேக்கிங்காரன், இரண்டாவது கோல். மேட்டில் கைதட்டுவதா கத்துவதா என்று யாருக்கும் தெரியவில்லை, அவர்களுக்குப் பழக்கமில்லை.

முடிய இரண்டு நிமிஷம். பெண்ணாடத்து ஆள் ஐந்தடி தூரத்திலிருந்து உதைத்ததை ஆசீர்வாதம் ஒற்றைக் கையால் நிறுத்தி, அதே கையால் வீசினான். மூன்றாவது கோலை அடித்தது முதலாமவனா இரண்டாமவனா என்று ஊரில் ரொம்ப நாள் வழக்கு இருந்தது. விழுந்ததில் வழக்கில்லை. மூன்றுக்கு இரண்டு! கோவிந்தராசு மைதானத்தில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். யாரோ அவனைக் கட்டிப்பிடித்தார்கள். பார்த்தால் தனக்கோடி. தொண்டை கட்டிப்போய், காற்றுதான் வந்தது அவர் வாயிலிருந்து. ஓட்டு மேட்டிலிருந்து ஜனம் காலைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கருப்பன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கழக அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மாலை போடப் போகிறார்கள் என்று ராஜாம்பாள் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து அனுப்பினாள். அறையில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாலை எதுவும் கண்ணில் படவில்லை. சுவரில் இருந்த தட்டு மேஜைக்கு வந்திருந்தது.

"ஜெயிச்சது சந்தோஷம்" என்றார் விருத்தகிரி, சந்தோஷமே இல்லாமல். "ஆனா பேக்கிங்குல மூணு பேரு ஆடியிருக்காங்க. ஆபீஸ்ல ஒருத்தரும் இல்லை. நாலு கொட்டகை கேள்வி கேக்குது."

"கோல் வுழுந்துதுங்களே, தலைவரே."

"கோலு யாருக்கு வேணும்? நியாயம் வேணாமா?" என்றார் மண் கொட்டகை மேஸ்திரி.

விருத்தகிரி தட்டை அவன் பக்கம் திருப்பினார். "அதுவும் இல்லாம இது ஜனங்க குடுத்த மனு. நாப்பத்திரெண்டு கைநாட்டு. மேனேஜரை உடனே மாத்தணும்னு இருக்குது. நாங்க ஜனங்களை மதிக்காம இருக்கலாமா? கமிட்டி ஏகமனதா ஒத்துக்கிச்சி. நாளையிலேர்ந்து தனக்கோடிதான் மறுபடியும் மேனேஜரு."

"ஐயா! அது தனக்கோடியண்ணன் மேல போட்ட மனுங்க!"

"அவரு பேரு எங்க இருக்குது? காட்டு."

கோவிந்தராசு தட்டைப் பார்த்தான். ராஜாம்பாளின் எழுத்து நீலத்தில் பளபளவென்று நின்றது. அவன் கட்டைவிரலும் அதில் இருந்தது. தூக்கி உடைக்கலாமென்றால் அவன் சுட்ட தட்டு, உடையாது என்று அவனுக்கே தெரியும். ஆறு முகத்தையும் ஒரு தடவை பார்த்தான். எந்த முகத்திலும் வெட்கம் இல்லை. ஒன்பது தோல்விக்கு அசையாதவர்கள், ஒரே ஒரு வெற்றிக்கு எவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டார்கள்! வெளியே வந்தான்.

வாசலில் கம்பெனியே கூடியிருந்தது. ஆசீர்வாதத்தைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள், அவன் விழாமல் இருக்க யார் தலைமயிரையோ பிடித்துக்கொண்டிருந்தான். தனக்கோடி முன்வரிசையில் நின்று, குரல் வராத தொண்டையால் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. ராஜாம்பாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னாங்க சொன்னாங்க கமிட்டியில?"

கோவிந்தராசு தோளில் உட்கார்ந்திருந்த ஆசீர்வாதத்தையும் தனக்கோடியையும் ஒரு தடவை பார்த்தான்.

"நாம குடுத்த மனுவை ஏத்துக்கிட்டாங்களாம்" என்றான்.

கூட்டம் வானம் அதிரக் கத்தியது. முதல் தடவையாகக் கமிட்டி நம் பேச்சைக் கேட்டிருக்கிறதே! வாழ்க, வாழ்க என்று துண்டுகள் மேலே பறந்தன. எல்லோருக்கும் முந்திக்கொண்டு துண்டை வீசியவர் தனக்கோடி.